சாதிச் சான்றிதழும் தேவிகுளத்துப் பிள்ளையும்

ஒரு பிள்ளை எப்போது பெரியவன் ஆகிறான்? சட்டத்தைக் கேட்டால் பதினெட்டு வயது என்று சொல்லும். எங்கள் பாட்டியைக் கேட்டால், முதல் கூலியை வாங்கிவந்து தாயின் கையில் கொடுத்த அன்று என்பாள். உயிரியல் பயிலும் நம் நண்பர்கள் வேறொரு கணக்குச் சொல்வார்கள். கேரளத்தின் கிழக்கு எல்லையில், தேவிகுளம், பீருமேடு மலைகளில் தமிழ்க் கூலிக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளுக்கோ நான்காவதாக ஒரு கணக்கு உண்டு. பத்தாம் வகுப்புத் தேறி, மேற்படிப்புக்கு மனுப் போடும் வாரம் அது. மனுவில் மூன்று கட்டங்கள்: பூர்விகம், மதம், சாதி. தாத்தா எந்த ஆண்டு மலையேறினார், பாட்டி யாரைக் கும்பிட்டாள் என்பவையெல்லாம் அதுவரை அடுப்படிக் கதைகள். அந்த வாரத்தில் அவை அத்தாட்சியோடு விடை சொல்ல வேண்டிய கேள்விகளாகி விடுகின்றன.

நான் பௌதிக மாணவன். சட்டம் எனக்குத் தூரத்து உறவுதான். எனினும் எங்கள் குடும்பத்துக்கே இந்தக் கேள்விகள் வந்தமையால், அரசாங்க உத்தரவுகளையும் கோர்ட்டுத் தீர்ப்புகளையும் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. படித்தவற்றை நம் மன்றத்து நண்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். மலையிலிருந்து வந்த நண்பர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். சமவெளியிலிருந்து வந்தவர்கள், இப்படியும் ஒரு சிக்கலா என்று வியக்கக்கூடும்.

தொடக்கம் 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10. அன்றுதான் அட்டவணை வகுப்பினர் யார் யார் என்று வகுத்துக் காட்டும் ஜனாதிபதியின் உத்தரவு வெளிவந்தது. அவ்வுத்தரவில் இரண்டு வேலிகள் உள்ளன. முதலாவது இடவேலி. சாதிகளின் பெயர்கள் இந்தியா முழுமைக்கும் ஒன்றாக அடுக்கப்படவில்லை; ராஜ்யம் ராஜ்யமாகப் பிரித்து, அந்தந்த இடத்தில் குடியிருப்போருக்கு என்று எழுதப்பட்டன. இரண்டாவது மதவேலி. உத்தரவின் மூன்றாம் பத்தி, இந்து மதத்தை அன்றி வேறு மதத்தைப் பின்பற்றுவோர் அட்டவணை வகுப்பினர் ஆகார் என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அவ்வேலி திறந்துவிடப்பட்டது. கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் திறக்கப்படவில்லை.

இடவேலியை முதலில் பார்ப்போம். கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை பெருகியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பின்னும். காட்டை அழித்துக் கன்று நட்டவர்கள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த தமிழர்கள். அவர்களிற் பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர். போடிநாயக்கனூரிலிருந்து மலைவழி நடந்தே ஏறினார்கள். மலை அக்காலத்தில் திருவிதாங்கூர் மன்னருடையது. அடிவாரம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஆயினும் ஏறியவர்கள் ஓர் எல்லையைக் கடந்ததாக எண்ணியிருக்க மாட்டார்கள். கொடைக்கு ஊருக்குப் போவார்கள், பெண் எடுக்கப் போவார்கள், நோய் வந்தால் போவார்கள். மீண்டும் வந்து அதே லயத்தில் அதே அடுப்பை மூட்டுவார்கள். 1936-இல் மலையேறி, 1950-இல் கலியாணத்துக்கு ஊருக்குப் போய், 1951-இல் மனைவியோடு திரும்பிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் 1950 ஆகஸ்டில் எங்கே குடியிருந்தார்? கணக்குப் புத்தகத்தில் எழுதக்கூடிய விடை இதற்கு உண்டா?

பிறகு வந்தது மொழிவழி மாநிலப் போராட்டம். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசார், தென் திருவிதாங்கூர்த் தமிழ்த் தாலுகாக்களோடு தேவிகுளம், பீருமேட்டையும் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டார்கள். 1954-இல் நேசமணி முதலியோர் மலைக்கே வந்து சிறை புகுந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டம், புதுக்கடைப் பகுதிகளில் போலீசார் சுட்டதில் உயிர்கள் பலியாயின. 1955-இல் அறிக்கை தந்த மாநிலச் சீரமைப்புக் கமிஷன், தெற்கே நான்கு தாலுகாக்களைச் சென்னைக்கு அளித்து, தேவிகுளம், பீருமேட்டைக் கேரளத்துக்கே விட்டது. தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மையினர் என்பதைக் கமிஷன் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் தோட்ட வேலைக்காக வந்து போகிறவர்கள், நிலைத்த குடிகள் அல்லர் என்ற வாதத்துக்கு இடம் கொடுத்தது.

‘வந்து போகிறவர்கள்.’ இந்தச் சொல்லை நண்பர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். மலையைக் கேரளத்தில் நிறுத்த 1955-இல் பயன்பட்ட அதே சொல், அம்மலையிலேயே பிறந்த பேரப் பிள்ளைகளுக்குச் சான்றிதழை மறுக்கவும் பின்னாளில் பயன்பட்டது. வாக்குக் கேட்கும்போது மட்டும் எவரும் எங்களை வந்து போகிறவர்கள் என்று சொன்னதில்லை! 1957 தேர்தலில் தேவிகுளம் இரட்டை உறுப்பினர் தொகுதி. அவ்விரண்டில் ஒன்று தனி இடம். 1958 இடைத்தேர்தலில் கம்யூனிஸ்டுக் கட்சிக்காகப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் லயம் லயமாகத் தமிழில் பாடி வாக்குச் சேகரித்த செய்தி இன்றும் முதியவர்கள் வாயில் இருக்கிறது. அவருடைய தம்பிதான் இளையராஜா.

பாலக்காட்டின் கதை சற்று வேறு. பாலக்காடு 1956 நவம்பர் 1 வரை சென்னை ராஜ்யத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. அடுத்திருக்கும் சித்தூரோ கொச்சியின் பகுதி. 1951-இல் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குக் குடிபோன ஒருவர் ராஜ்யம் மாறவில்லை, ஜில்லாதான் மாறினார். அவரே இரண்டு கல் தள்ளிச் சித்தூர்ப் பக்கம் குடிபோயிருந்தால் ராஜ்யம் மாறியவர். ஐந்து ஆண்டு கழித்து எல்லைக்கோடு நகர்ந்து, இருவரையும் ஒரே மாநிலத்துக்குள் வைத்துவிட்டது. இவர்களுள் இடம் பெயர்ந்தவர் யார்? பழைய பட்டியல்களின் வடுக்கள் இன்றும் மறையவில்லை. தமிழ்நாட்டுப் பட்டியலில் சில சாதிப் பெயர்களுக்குப் பக்கத்தில் ‘கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும்’ என்று காணப்படுவது, 1956-க்கு முன் அவ்விடங்கள் திருவிதாங்கூரில் இருந்ததன் அடையாளம்.

இடம் பெயர்ந்தவர் பற்றிய சட்டத்தைச் சுப்ரீம் கோர்ட்டு உறுதியாக்கியது 1990-இல், மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில். அவ்வழக்கும் ஒரு பிள்ளையைப் பற்றியதே. ஆந்திரத்தில் தெனாலியில் பிறந்து, சிறு வயதில் தந்தையின் உத்தியோகத்தோடு பம்பாய் வந்து, அங்கேயே பள்ளி முடித்து, வைத்தியக் கல்லூரியில் இடம் கேட்ட மாணவர். ஆந்திரத்தில் அவர் பழங்குடி வகுப்பினர். மகாராஷ்டிரத்தில் அவ்வுரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. ஒரே சாதிப் பெயர் இரு மாநிலப் பட்டியல்களிலும் இருந்தாலும் அதுமட்டும் போதாது என்றும் கோர்ட்டு கூறியது. பள்ளர், பறையர், சக்கிலியர் என்ற பெயர்கள் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் உண்டு, கேரளப் பட்டியலிலும் உண்டு. பயன் இல்லை. 1950-க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததா என்பதே கேள்வி. இல்லையென்றால், தந்தையின் பூர்விக மாநிலத்துச் சான்றிதழ் கொண்டு மத்திய சர்க்கார் வேலைக்கும் கல்விக்கும் போகலாம். தான் பிறந்து வளர்ந்த மாநிலத்தின் சலுகை கிடையாது. தில்லிக்குப் போனால் அட்டவணை வகுப்பினன், திருவனந்தபுரத்துக்குப் போனால் பொது வகுப்பினன்!

இவ்விதிக்கு நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தீண்டாமையின் கொடுமை ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஓர் ஊரில் தாழ்த்தப்பட்டவனுக்கென்று ஒதுக்கிய இடத்தை வேற்றூரான் வந்து எடுத்துக்கொண்டால் உள்ளூரான் எங்கே போவான்? நேற்று மாற்றலாகி வந்த உத்தியோகஸ்தரின் மகனுக்கு இது பொருந்தலாம். மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் பிறந்து, அதே மலையில் கொழுந்து கிள்ளி, அங்கேயே புதைக்கப்படும் மக்களுக்கும் இதே கோலால் அளப்பது என் அறிவுக்கு எட்டவில்லை.

அதிலும் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கேட்பவன் தலையில். 1996-ஆம் ஆண்டின் கேரளச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பிறருக்கு நிலத்தின் பட்டா இருக்கும், வீட்டு வரி ரசீது இருக்கும். தோட்டத் தொழிலாளிக்கு எது இருக்கும்? நிலம் கம்பெனியுடையது, வீடும் கம்பெனியுடையது, ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நூறாண்டு வாழ்ந்தாலும் மலையின் மேல் அவன் பெயர் எழுதிய தாள் ஒன்று இருப்பதில்லை. மிஞ்சுவன தோட்டத்துப் பேரேடு, எஸ்டேட் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு ஆகியவையே. மூன்றாவதைச் சொன்னதும் மதவேலி குறுக்கே வந்து நிற்கிறது.

அரசியல் கொந்தளிப்பு 1956-ஓடு ஓய்ந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். 2011 டிசம்பரில் எனக்கு ஒன்பது வயது. முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய அச்சமும் சினமும் இரு மாநிலங்களிலும் பற்றி எரிந்த நாட்கள் அவை. உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் இரவோடு இரவாகப் போடிக்கு இறங்கின. என் சித்தி குடும்பமும் அவற்றுள் ஒன்று. எல்லை என்று ஒன்று உண்டென்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது; அதற்கு முன் போடிமெட்டு எனக்குப் பஸ் நின்று தேநீர் குடிக்கும் இடம். சித்தியின் பிள்ளைகள் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்து, அதே மலையாள வாத்தியாரிடம், அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். பிள்ளைகள் இவற்றை விரைவில் மறக்கிறார்கள் என்பார்கள். நான் கண்டவரை, மறப்பதில்லை, பேசுவதில்லை, அவ்வளவே.

இனி மதம். லயத்து வீடுகளில் மதம் என்பது மனுவில் உள்ள கட்டத்தைப் போல நேராக இராது. எங்கள் தாத்தா சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து 1946-இல் வந்தவர். கடைசிவரை சுடலைமாடனுக்குக் கிடா வெட்டினார். பாட்டியின் மூத்த பிள்ளை, என் பெரியப்பா, கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கண் சொருகிக் கிடந்தாராம். உபதேசியார் வந்து ஜெபித்தார், பிள்ளை பிழைத்தது, பாட்டி நேர்ந்துகொண்டபடி 1949-இல் ஞானஸ்நானம் கொடுத்தாள். தாத்தா தடுக்கவில்லை, தாமும் சேரவில்லை. கிறிஸ்துமசுக்கு வீட்டில் நட்சத்திரம் தொங்கும். மாரியம்மன் திருவிழாவுக்கு வேப்பிலை தொங்கும். என் தாயும் தந்தையும் அம்மன் சந்நிதியில் மணந்தவர்கள். இதில் எவரும் முரண் ஒன்றும் காணவில்லை, தாசில்தார் அலுவலகத்துக்குப் போகும்வரை.

மதம் மாறினால் சாதி போய்விடுமா? இந்தக் கேள்வியைக் கோர்ட்டுகள் எத்தனை முறை எதிர்கொண்டிருக்கின்றன என்று பார்க்கையில் வியப்பாக இருக்கிறது. சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்துவந்த சூசை என்ற கிறிஸ்தவத் தொழிலாளி, இந்துத் தொழிலாளருக்குச் சர்க்கார் இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதென்று வழக்காடினார். மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1985-இல் சுப்ரீம் கோர்ட்டு அவர் மனுவைத் தள்ளியது. கோலார் தங்கவயலில் எங்களைப் போலவே தமிழ்த் தொழிலாளர் பெருகிய தனித் தொகுதி ஒன்று உண்டு. அங்கே 1967-இல் வென்ற எஸ். ராஜகோபால் 1949-இல் கிறிஸ்தவரானவர் என்பதால் அவர் வெற்றி செல்லாது என்றாயிற்று. 1972-இல் அவர் மீண்டும் வென்றார். இந்து மதத்துக்குத் திரும்பியவரைச் சாதியார் ஏற்றுக்கொண்டால் சாதி மீளும் என்று 1975-இல் அதே சுப்ரீம் கோர்ட்டு அவ்வெற்றியை நிலைநிறுத்தியது.

ஆனால் பெற்றோர் மதம் மாறியபின் பிறந்த பிள்ளையின் நிலை என்ன? அந்தப் பிள்ளை எதையும் தேர்ந்தெடுக்கவில்லையே! 1983-இல் மத்தியப் பிரதேசத்துக் கைலாஷ் சோன்கர் வழக்கில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. மதமாற்றத்தால் சாதி அழிவதில்லை, கிரகணம் பிடித்திருக்கிறது. பிள்ளை வளர்ந்து அறிவு தெளிந்து பழைய மதத்துக்குத் திரும்பினால் கிரகணம் விலகிச் சாதி தானே வெளிப்படும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. பௌதிகம் படிப்பவனுக்கு இந்த உவமை சுவையானது. கிரகணத்தில் சூரியனுக்கு ஒன்றும் நேர்வதில்லை; பார்ப்பவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பொறுத்தே மறைப்பு. 2019 டிசம்பர் 26-ஆம் நாள் கிரகணம் கோவையில் வளையமாகத் தெரிந்தது. அதே காலையில் மூணாற்றில் நாங்கள் பிறையைத்தான் கண்டோம். ஆனால் கிரகணத்தை விலக்கச் சூரியன் எதையும் செய்ய வேண்டியதில்லை. பிள்ளையோ செய்ய வேண்டும்: சுத்திச் சடங்கு, அதற்கொரு சான்று, சாதியார் ஏற்றார்கள் என்பதற்கு இன்னொரு சான்று.

கேரளத்து மனு என்பவரின் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவருடைய பாட்டனார் புலையர் வகுப்பிலிருந்து கிறிஸ்தவரானவர். மனு இருபத்து நான்காம் வயதில் இந்து மதத்துக்குத் திரும்பிச் சான்றிதழ் பெற்று உத்தியோகத்தில் அமர்ந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் ஆய்வுக் குழு சான்றிதழைச் செல்லாதென்றது. 2015 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, மூன்று நிபந்தனைகளை வகுத்தது: முன்னோர் சாதிக்குத் தெளிவான சான்று, மூதாதையர் மதத்துக்கு உண்மையான திரும்புதல், அச்சாதியாரின் ஏற்பு. இளமையில் எடுத்த முடிவுக்கு முதுமை வரை விடை சொல்ல வேண்டியிருந்தது.

திரும்ப விரும்பாதவன் என்ன செய்வான்? கிறிஸ்தவனாகவே இருக்க நினைக்கும் பிள்ளைக்குக் கேரள அரசு சில படிப்புச் சலுகைகள் தருகிறது. அட்டவணை வகுப்பினரின் இடம் மட்டும் இல்லை. மதத்தையும் சாதிச் சலுகையையும் பிரித்துவிடலாம் என்று நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007-இல் பரிந்துரைத்தது. 2022-இல் நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதே கேள்விக்கு இன்னொரு கமிஷன் அமைக்கப்பட்டது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதில் ஒருவன் எந்தக் கடவுளை நம்புகிறான் என்பது அவனுக்கும் அக்கடவுளுக்கும் உள்ள விஷயம். அதற்குக் கல்லூரிச் சம்பளத்தின் அளவில் ஒரு விலை வைப்பது முறையன்று.

இரண்டு வேலிகளும் ஒரே இடத்தில் சந்தித்தால் என்ன ஆகும்? 2018-இல் பத்தாம் வகுப்புத் தேறி நான் சான்றிதழுக்குப் போனபோது கண்டேன். 1950-க்கு முந்திய அத்தாட்சி கேட்டார்கள். தோட்டத்துப் பேரேட்டில் தாத்தாவின் பெயர் வேறொருவர் பெயர் போலத் திரிந்திருந்தது. ஆண்டு தெளிவாகத் தெரிந்த ஒரே தாள் பெரியப்பாவின் 1949 ஞானஸ்நானப் பதிவின் நகல். அதில் தந்தை பெயர், தோட்டக் கூலி என்ற தொழில், டிவிஷனின் பெயர் எல்லாம் இருந்தன. அலுவலகத்தில் இருந்த ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இதைக் கொடுத்தா வருஷம் தேறும், சாதி தேறாது. கொடுக்காட்டி சாதி தேறும், வருஷம் தேறாது.” அவர் ஏளனமாகச் சொல்லவில்லை, எங்களுக்காக வருந்தித்தான் சொன்னார். பெரியப்பாவின் ஞானஸ்நானம் என்னைக் கிறிஸ்தவனாக்கிவிடாது என்பது சட்டப்படி உண்மை. ஆனால் விசாரணைக்கு வருகிறவர்கள் குடும்பம் முழுவதன் வழக்கத்தையும் கேட்பார்கள். அப்பா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் பொதுப்பிரிவில் சேர்ந்தேன். அம்மா சேமநிதியில் கடன் எடுத்தாள்.

எங்கள் வீட்டில் நடந்தது நாட்டு வழக்காகவும் ஆயிற்று. 2021-இல் தேவிகுளம் தனித் தொகுதியில் வென்று, சட்டசபையில் தமிழில் உறுதிமொழி எடுத்தவர் அ. ராஜா. அவருடைய குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம், கேரளத்து அட்டவணை வகுப்பில் சேராது என்று எதிர்த்துப் போட்டியிட்டவர் வழக்குத் தொடுத்தார். குண்டளைத் தேவாலயத்தின் பதிவேடுகள் கோர்ட்டுக்குப் போயின. 2023 மார்ச் 20-இல் கேரள ஹைகோர்ட்டு அவர் தேர்தலைச் செல்லாதென்றது. 2025 மே 6-இல் சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பைத் தள்ளி, தேர்தல் செல்லும் என்றது. ஒரு சட்டசபை உறுப்பினருக்கே தாம் யார் என்று நிலைநாட்ட நான்கு ஆண்டும் இரண்டு கோர்ட்டும் தேவைப்பட்டன. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மனுப் போடக் கிடைப்பதோ சில நாட்கள்.

மலையிலிருந்து வந்த நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் தம்பி தங்கையர் இருந்தால், பத்தாம் வகுப்புக்கு முன்பே தேடத் தொடங்குங்கள். பழைய எஸ்டேட் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் பல இன்னும் இருக்கின்றன. அத்தை, பெரியப்பா யாரேனும் அதில் இருக்கக்கூடும். 1951-52 பொதுத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல், தேதியில் மிக நெருங்கிய சான்று. கம்பெனிப் பேரேட்டின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். பெயர் பிழையாக இருந்தால், இருவரும் ஒருவரே என்பதற்கான சான்றையும் அப்போதே பெற்றுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டிகள் உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தாள் எங்கே கிடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

என் தங்கை இவ்வாண்டு பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். அந்த 1949-ஆம் ஆண்டுத் தாள் அப்பாவின் தகரப்பெட்டியில் இருக்கிறது. அதை இம்முறை கொடுப்பதா வேண்டாமா என்று அப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கை தானே பெட்டியைத் திறந்து படித்துவிட்டாள். “பெரியப்பாவுக்கு இன்னொரு பேர் இருந்துச்சா, அண்ணா?” என்று தொலைபேசியில் என்னைக் கேட்டாள். ஆம் என்றேன். “அப்ப எனக்கு?” என்றாள்.